கதவத் தொறந்தா தண்ணி தெரியணும்

சுத்தியலா? இருக்குதுங்க, வாங்க. ரப்பர் சுத்தியல் ஒண்ணு, இரும்புச் சுத்தியல் ஒண்ணு, ரெண்டும் இருக்குது. டென்ட்டு முளைக்குச்சிக்கு ரப்பர்தானுங்க நல்லது. எடுத்துத் தர்றேன், சித்த உக்காருங்க. நேத்திருந்து தமிழ்ல ஒரு வார்த்தை பேச ஆளில்லாம உக்காந்திருக்கறேன், நீங்க சுத்தியல வாங்குன கையோட ஓடறேங்கறீங்க.

இந்த பெஞ்சுல உக்காருங்க தம்பி. எனக்குன்னு ஒரு சேர் இருக்குதுங்க. பச்சைக் கலரு, மடக்குற சேரு, கைப்புடில டம்ளர் வெக்கறதுக்குக் குழி வெச்சது. எந்தக் காட்டுக்குப் போனாலும் அதுலதான் உக்காருவேன். இந்தத் தடவ கோகிலா அதைய வண்டில ஏத்த மறந்துட்டா. கோகிலா என்ற சம்சாரமுங்க. உப்பு டப்பாவுல இருந்து ஊசி நூல் வரைக்கும் ஒண்ணையும் மறக்காதவ, என்ற சேர மட்டும் மறந்துட்டா பாருங்க. அதனால நான் இந்த ஐஸ் பொட்டி மேல உக்காந்துக்கறேன். பழகிருச்சு.

மூக்கப் பொத்தாதீங்க. அது டம்ப் ஸ்டேஷனுங்க. இந்த மாதிரி ஆர்.வி.ல, வண்டியே வீடுன்னு வர்றவங்கெல்லாம், கெளம்பறப்ப கக்கூஸ் தொட்டியக் காலி பண்ணிட்டுப் போற எடம். மத்த நாள்ல ஒண்ணும் தெரியாது, இன்னைக்கு என்னமோ காத்து இப்படித் திரும்பிருச்சு. சித்த நேரத்துல பழகிரும். ஞாயித்துக்கெழமை மத்தவனெல்லாம் அங்க வண்டி வண்டியா வரிசைல நிப்பான், நான் ஒரே எட்டுல போயித் தொறந்து உட்டுட்டு வந்துருவேன். பார்க்குல எடத்தப் பிரிச்சு வாடகைக்கு உடறதுல, யோசிச்சு எடுத்த சைட்டுங்க இது.

டீ போடட்டுங்களா? வேண்டாமா? சும்மா சொல்லாதீங்க. கரண்டு இருக்குது, கெட்டில் இருக்குது, ஒரு நிமிசம். அட குடிங்க தம்பி. பாத்தீங்களா, மூணாவது தடவ சொன்னதும் சரின்னுட்டீங்க. நம்மாளுங்க நம்மாளுங்கதான்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. பெருந்துறைப் பக்கம். இங்க டெட்ராய்ட்டுக்குப் பக்கத்துல கேன்டன்ல இருக்கறோம். காருக்கு பிரேக் டெஸ்ட் பண்ற வேலை. வண்டி நிக்குமா நிக்காதான்னு பாக்கறதுதான் என்ற பொழப்பு. அதனால எதைய எடுத்தாலும் மொதல்ல இதுல என்ன கெட்டுப்போகும்னுதான் கண்ணு போகும். உங்களுக்கு எந்த ஊரு? திருச்சியா, நல்லது. எந்த சைட்ல இருக்கீங்க? ஏரிக்கரைலயா. சரியாப் போச்சு.

என்னமோ சொல்ல வந்தீங்களே? இருக்கட்டும், மொதல்ல இதைக் கேளுங்க. மொதத் தடவையா கேம்ப்பிங் வந்திருக்கறீங்க. பாத்தாத் தெரியுது, செருப்பு அப்படி. அடுத்த தடவ சைட் எடுக்கறதுக்கு முந்தி எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க. போட்டோவப் பாத்து சைட் எடுக்கக் கூடாதுங்க. மனை வாங்கறாப்ல நேர்ல வந்து, நின்னு, நாலு பக்கமும் பாக்கணும். நான் ஏப்ரல்ல பனி உருகினதும் தனியா வண்டிய எடுத்துட்டு வந்துருவேன். அந்த வருசத்துக்கு இல்லீங்க, அந்த வருசத்துக்குத்தான் குளுருலயே புக் பண்ணியிருப்பமே. அடுத்த வருசத்துக்கு. ஒவ்வொரு சைட்டா எறங்கி இதைய வெச்சுப் பாப்பேன்.

இது ரசமட்டமுங்க. கொத்தனாருங்க வெச்சிருப்பாங்களே, அதேதான். ஊர்ல வீடு கட்டினப்ப வாங்கினேன், அப்படியே பொட்டில போட்டுக் கொண்டாந்துட்டேன். இந்தக் கண்ணாடிக்குள்ள குமிழி நடுவுல நின்னா அந்த எடம் மட்டம். போன வருசம் ஏப்ரல்ல நான் ஈரத்துல மண்டி போட்டுக் குமிழியப் பாத்துட்டிருக்கறப்ப இந்தப் பார்க்கப் பாத்துக்கற ரேஞ்சர் ஒருத்தர் வண்டிய நிறுத்திட்டு வந்து, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களான்னு கேட்டார். அவரும் பாவம், என்ற கூடவே மண்டி போட்டுத் தேட ஆரம்பிச்சுட்டார். நான் வெளக்கிச் சொன்னப்பறம் முட்டியத் தட்டி உட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். மனசுல பாராட்டியிருப்பாருன்னு நெனைக்கறேன்.

மட்டம் எதுக்குன்னா, வண்டி சாஞ்சு நின்னா உள்ள இருக்கற ஃபிரிட்ஜ் ஒழுங்கா வேலை செய்யாது. இட்லி ஒரு பக்கம் தடிப்பா, ஒரு பக்கம் சப்பையா வரும். படுத்தா ராத்திரி பூரா உருண்டு செவுத்துல போயி ஒட்டிக்கணும். அதுக்குத்தான்.

ரெண்டாவது மரம். மரம் வேணுமுங்க, ஆனா தலைக்கு மேல இருக்கக் கூடாது. பைன் மரத்துக்கு அடில நிறுத்தினா வண்டி மேல பிசின் ஒழுகும், காஞ்ச கெளை எப்ப விழும்னு தெரியாது, அணில் வேற. மரம் பக்கத்து சைட்ல இருக்கணும், நெழல் நம்ம சைட்ல விழுகணும். அதுக்குத் தகுந்தாப்ல பாத்து எடுக்கணும்.

மூணாவது பாத்ரூம். நம்மாளுங்களுக்குக் கக்கூசுல தண்ணி மொள்ற மக்கு இல்லாம ஆகாது. அந்த மக்கைக் கையில புடிச்சுட்டு ஏழெட்டு சைட்டத் தாண்டி நடந்து பாத்திருக்கறீங்களா? வழியெல்லாம் வெள்ளக்காரங்க காலைல சேர் போட்டு உக்காந்துட்டு, குட் மார்னிங், பெரிய கப்பா இருக்குதே, காபியான்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? அதனால பாத்ரூம் எட்டற தூரத்துல இருக்கணும். இந்த சைட்டப் பாருங்க, அந்தக் கதவு, இந்தக் கதவு, நேருக்கு நேரு. ராத்திரி பூரா அந்த லைட்டு வண்டிக்குள்ள அடிக்கும், டார்ச்சே வேண்டாம்.

நாலாவது கரண்டு. ஏசி, ரைஸ் குக்கர், கிரைண்டர் மூணும் ஒட்டுக்கா ஓடணும். காட்டுக்கு எதுக்குங்க கிரைண்டர்னு கேக்கறீங்களா? கோகிலாவும் அதையேதான் கேட்டா. பாக்கெட் மாவு இட்லி எனக்கு ஆகாதுங்க.

அஞ்சாவதுதான் முக்கியம். ஏரிக்கரைல எடுக்கக் கூடாது. பேரு ஏரிப் பார்க்கு, அதனால ஏரிக்கரைலதான் இருக்கணும்னு எல்லாரும் ஓடறாங்க. கொசு அங்கதான். வாத்து வந்து எச்சம் போடறது அங்கதான். காத்து அடிச்சா அடுப்பு எரியாது, துணி காயாது. எடமெல்லாம் ஏரிப் பக்கமாச் சரிஞ்சிருக்கும், ஒரு சைட்லயாச்சும் குமிழி நடுவுல நிக்கட்டும், நான் மீசைய எடுத்துக்கறேன். படகு வெச்சிருக்கறவன், தூண்டில் போடறவன், எல்லாரும் நம்ம சைட்டுக்குள்ள பூந்துதான் போவான். உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டீங்க, அது பரவால்ல.

சொல்றேன் இருங்க, அதுக்குள்ள என்ன அவசரம். டீ ஆறிப்போயிரும், குடிங்க.

எனக்கு ஏரி புடிக்காம இல்லீங்க. எங்க பொண்ணு தாரணிக்கு மூணு வயசா இருக்கறப்ப, மொதமொதல்ல டென்ட் எடுத்துட்டு ஒரு ஏரிக்கரைக்குப் போனோம். நான் டென்ட்டு கட்டிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா கொழந்தையக் காணம். தண்ணிக்குள்ள முட்டி அளவுல நிக்கறா. நான் சத்தம் போட்டுட்டே ஓடினேன், செருப்பு ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. எனக்கு நீச்சல் தெரியாதுங்க, அதைய நெனைக்கக் கூட இல்ல. போயித் தூக்கினதுக்கப்பறந்தான் பாக்கறேன், கோகிலா அவ பக்கத்துலயேதான் உக்காந்திருக்கறா, பாவாடைய நனைச்சுட்டு. ரெண்டு பேரும் மீனப் பாத்துட்டிருந்தாங்களாம். சாயங்காலம் வரைக்கும் நான் கொழந்தையக் கீழ எறக்கியே உடல. அன்னைல இருந்து தண்ணிப் பக்கம் சைட்டே எடுக்கறதில்ல.

இப்ப அவளுக்குப் பதினெட்டு வயசுங்க. ஸ்கூல்ல நீச்சல் டீமு. மெடல் எல்லாம் அலமாரில தொங்குது. லைஃப்கார்டு வேலைக்குக் கூடப் போறா, மத்தவங்க பிள்ளைங்களைத் தண்ணில இருந்து தூக்கறா. இருந்தாலும் அது நீச்சல் குளமுங்க. இது ஏரி.

முந்தியெல்லாம் நாங்க நாலு குடும்பமா வருவோம். எல்லா சைட்டும் நாந்தான் தேர்ந்தெடுப்பேன், பக்கத்துப் பக்கத்துல, எல்லாம் பாத்ரூமச் சுத்தி. அப்பறம் ஒவ்வொருத்தருக்கா என்னமோ வேலை வந்துருச்சு. ஒருத்தருக்கு மூட்டு வலி, ஒருத்தருக்கு ஊர்ல இருந்து ஒரம்பரை வந்துட்டாங்க. போன வருசம் அந்த மூணு குடும்பமும் எங்கயோ ஒரு ஏரிக்கரைல எதேச்சையாச் சந்திச்சுக்கிட்டாங்களாம். போட்டோ போட்டிருந்தாங்க. மூணு டென்ட்டும் பக்கத்துப் பக்கத்துல. எப்பேர்ப்பட்ட தற்செயல் பாருங்க. கோகிலா அந்தப் போட்டோவ ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தா.

இப்ப இந்த வருசத்துக் கதைக்கு வர்றேன். ஆகஸ்ட் கடைசில தாரணி காலேஜுக்குப் போறா, பாஸ்டனுக்கு. ஒரே பொண்ணுங்க. இனிமேல் லீவுக்கு வந்தாத்தான் உண்டு. அதனால இதுதான் நாங்க மூணு பேரும் ஒட்டுக்கா வர்ற கடைசித் தடவைன்னு எங்களுக்குள்ள பேச்சு. ஜனவரில ஒரு நாள் காலைல, எட்டு மணிக்கு புக்கிங் தொறக்கும், நான் ஏழரைக்கே லேப்டாப்பத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். வெளிய பனி கொட்டுது. கோகிலா காபியக் கொண்டாந்து வெச்சுட்டுப் பக்கத்துல நின்னா. நின்னவ சொன்னா: "ஏனுங்க மாமா, இந்த ஒரு தடவ காலைல கதவத் தொறந்தா தண்ணி தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இத்தன வருசத்துல வாய் தொறந்து ஒண்ணும் கேக்காதவ கேட்டுட்டா. நான் உடுவனா? ஏப்ரல்ல அளந்து வெச்சதையெல்லாம் எடுத்துப் பாத்தேன். மட்டமும் இருக்கணும், கரண்டும் இருக்கணும், பாத்ரூமும் கிட்ட இருக்கணும், இவளுக்குத் தண்ணியும் தெரியணும். எல்லாத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி இந்த ஒரு சைட்டுதான் இருந்துச்சு.

எங்க தண்ணின்னு தேடறீங்களா? உக்காந்த எடத்துல இருந்து தெரியாதுங்க. வண்டிக்குப் பின்னாடி ஏணி இருக்குது பாருங்க, அதுல ஏறி, மேல நின்னு, அந்த பாத்ரூம் கூரைக்கும் பைன் மரத்துக்கும் நடுவுல பாத்தீங்கன்னா நீலமா ஒரு கோடு தெரியும். நேத்து வந்து எறங்கின உடனே கோகிலாவ ஏத்திக் காட்டினேன். "பாத்தியா, நீ கேட்ட தண்ணி"ன்னேன். அவ பாத்துட்டு, ஏணியப் புடிச்சு மெல்ல எறங்கிட்டா. சரி, புடிச்சுப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். தாரணியும் ஏறிப் பாத்தா. "அப்பா, அது யாரோ கட்டி வெச்ச நீலத் தார்ப்பாய்"ங்கறா. தார்ப்பாய்க்குப் பின்னாடி ஏரிதானுங்களே இருக்குது.

எறங்கி வந்த ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்பறம் வண்டிக்கு அடியில பொட்டி வெக்கற எடத்துல இருந்து ஒரு பையை உருவறாங்க. டென்ட்டுங்க. புது டென்ட்டு. என்ற வண்டில, எனக்குத் தெரியாம ஒரு டென்ட்டு வந்திருக்குது. இது எதுக்குன்னு கேட்டேன். தாரணி சொல்றா, கீழ ஏரிக்கரைல ஒரு சைட் புக் பண்ணியிருக்கறோம், கரண்டு இல்லாத சைட்டு, அம்மாவும் நானுமாச் சேந்து எடுத்தோம்னு. ஜனவரில அதே நாள்ல, அதே எட்டு மணிக்கு, பக்கத்து ரூம்ல உக்காந்துட்டு எடுத்திருக்கறாங்க. ஏன் எங்கிட்டச் சொல்லலேன்னு கேட்டா, "சொன்னா நீங்க ரசமட்டத்தத் தூக்கிட்டு வந்துருவீங்கப்பா"ங்கறா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்ல வேண்டாம், நானே சொல்லிர்றேன். ரொம்பச் சங்கடமாப் போச்சுங்க. மூணு பேரும் ஒட்டுக்கா இருக்கணும்னுதான் நான் இத்தன பாடு பட்டேன். மூணு பேருக்கும் சேத்து ஒரு சைட்டு, எந்தக் கொறையும் இல்லாத சைட்டு. அதுல இப்ப நானும் கிரைண்டரும் இருக்கறோம்.

கூப்பிடலையான்னு கேக்கறீங்களா? கூப்ட்டா. "நீங்களும் வாங்க மாமா"ன்னு கோகிலா கூப்ட்டா. "வண்டிய யார் பாத்துக்கறது, நான் வரல"ன்னு சொன்னேன். "சரி, அப்ப பாத்துக்கங்க"ன்னுட்டுப் போயிட்டா. அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை.

நீங்களே சொல்லுங்க தம்பி, இது மொறையா? நம்மூர்ல ஒரு வீட்டுக்குப் போனா, சாப்புடுங்கம்பாங்க. உடனே போயி எலைல உக்காந்துருவமா? இப்பத்தானுங்க சாப்ட்டேன்னு சொல்லுவோம். வயிறு காஞ்சு கெடந்தாலும் சொல்லுவோம். ரெண்டாவது தடவ கூப்பிடுவாங்க, இல்லீங்க இருக்கட்டுங்கம்போம். மூணாவது தடவ கையப் புடிச்சு இழுத்து உக்கார வெப்பாங்க, அப்பத்தான் உக்காருவோம். இப்ப நீங்களே டீய வேண்டாம்னுதான சொன்னீங்க? நான் உட்டனா? வரலேன்னு ஒருத்தன் சொன்னா, இன்னொருக்காக் கூப்பிடுன்னு அர்த்தம். பெருந்துறைல பொறந்து வளந்தவளுக்கு இது தெரியாதா? நேத்துச் சாயங்காலம் பூரா அந்த வழியையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். நாய் புடிச்சுட்டு ரெண்டு பேர் போனாங்க, அவ்வளவுதான்.

இன்னைக்குக் காலைல ரெண்டு பேரும் வந்தாங்க. என்னையப் பாக்க இல்லீங்க, பாத்ரூமுக்கு. அப்படியே ஃபோனச் சார்ஜ் போட்டுட்டுப் போனாங்க. "பாத்தீங்களா, கரண்டு வேணும்னா யாரத் தேடி வர வேண்டியிருக்குது"ன்னு கேட்டேன். கோகிலா சிரிச்சா. தலையெல்லாம் கலஞ்சு கெடக்குது, கால்ல மண்ணு. அங்க விடியக்காலம் தண்ணி மேல பொகையாட்ட பனி எந்திரிக்குதாம். ஒரு பறவை கூப்பிடுதாம், ஆரோ தூரத்துல இருந்து கொழந்தையத் தேடறாப்ல. டென்ட்டு ஜிப்பத் தொறந்ததும் தண்ணிதானாம். சொல்றப்ப அவ மொகம் கல்யாணத்தப்ப இருந்தாப்ல இருந்துச்சுங்க. நான் என்ன சொன்னேன்னா, அது பனியா இருக்காது, பக்கத்து சைட்டுக்காரன் கொசு வெரட்டறதுக்குப் பொகை போட்டிருப்பான்னு சொன்னேன். அவ கலஞ்ச தலைய முடிஞ்சுக்கிட்டா. ஃபோன எடுத்துட்டுப் போயிட்டா.

நேத்து ராத்திரி ஆட்டி வெச்ச மாவுல சித்த முந்தித்தான் இட்லி ஊத்தினேன். எல்லாத்தையும் ஒட்டுக்காப் போட்டதுல பிரேக்கர் விழுந்து சித்த நேரம் கரண்டு நின்னுபோச்சு, அதைய உடுங்க. மூணு பேருக்கும் சேத்துத்தான் ஊத்தினேன். அங்க ஹாட்பேக்ல இருக்குது பாருங்க. ஒரே மாதிரி, ஒரு பக்கம் கூடச் சாயல. மட்டமான எடத்துல வெந்த இட்லி. அவங்களுக்கு அங்க என்ன இருக்கும், பிரெட்டு இருக்கும். தாரணிக்குச் சூடா இருந்தா எச்சா ரெண்டு எறங்கும். ஆனாக் கூப்பிடாம நானாப் போயி நின்னா நல்லாவா இருக்கும்? அப்பா தோத்துட்டார்னு ஆயிரும். இன்னும் ஒரே ஒரு ராத்திரிதானுங்க. நாளைக்குப் பொழுதோட கெளம்பிருவோம். கெளம்பினா அப்பறம் பாஸ்டன்தான்.

அந்த ஏணில அடிக்கடி ஏறிப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஏரியப் பாக்கத்தான். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் பொகை வருது. அவங்க அடுப்பாத்தான் இருக்கும்.

ஆமா, இவ்வளவு நேரம் நாந்தான் பேசிட்டிருக்கறேன். என்னமோ சொல்லணும்னு வாயத் தொறந்து தொறந்து மூடினீங்களே, இப்பச் சொல்லுங்க. சுத்தியல் உங்களுக்கு இல்லையா? அப்பறம் யாருக்கு?

யாரு, பக்கத்து சைட்டா? ஒரு அம்மாவும் பொண்ணுமா?

கோகிலாவா?

அவ அனுப்பிச்சாளா? என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை உடாமச் சொல்லுங்க. "மேல பாத்ரூம் பக்கத்துல எங்க வீட்டுக்காரர் இருப்பார்... டென்ட்டு முளைக்குச்சி ஆடுது... சுத்தியலோட அவரையும் கூட்டிட்டு வாங்க." அவரையும்னு சொன்னாளா? சுத்தியல வாங்கிட்டு வாங்கன்னு சொல்லலியே? அவரையும் கூட்டிட்டு வாங்கன்னுதான?

ஏனுங்க தம்பி, இதைய வந்த உடனே சொல்றதில்லீங்களா. மரம், மக்குன்னு என்னைய என்னென்னமோ பேச வெச்சுட்டீங்க. எந்திரிங்க, எந்திரிங்க. டீய அப்படியே வெச்சுருங்க.

முளைக்குச்சி ஆடத்தான் செய்யும். நாந்தான் சொன்னேனே, ஏரிக்கரைல மண்ணு நிக்காது. காத்து வேற. நான் சும்மா போயி அதைய மட்டும் அடிச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன். உக்கார மாட்டேன். அந்த ரப்பர் சுத்தியல நீங்க எடுத்துக்கங்க. ரசமட்டம் எங்கிட்ட இருக்கட்டும். ஹாட்பேக்க நான் எடுத்துக்கறேன், அது சுத்தியலுக்குத் தொணைக்கு. சட்டினி டப்பா எங்க, ஆங், இருக்குது. வண்டியா? பூட்டிட்டாப் போச்சு. ஆர் தூக்கிட்டுப் போறான்.

இப்படி வாங்க, பாத்ரூமச் சுத்திப் போனா தூரம். இந்த ஒத்தையடிப் பாதைல போனா சீக்கிரம். நேத்தே பாத்து வெச்சிருந்தேன், எதுக்காச்சும் ஆகும்னு. பாத்து வாங்க, வேரு இருக்குது. இந்த எடம் வழுக்கும், எலையெல்லாம் ஈரம். நேத்து இங்க வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். சும்மா நடக்கறதுக்குத்தான்.

வேகமாவா நடக்கறேன்? இட்லி ஆறிரும் தம்பி.

ஓ. அதா தண்ணி.

இவ்வளவு பெருசாங்க இது? மேல இருந்து பாத்தா கோடாட்ட இருந்துச்சு. பொழுது எறங்கறதும் சேந்து, பூராவும் செவசெவன்னு... சரி, சரி. நல்லாத்தான் இருக்குது. கொசு கொஞ்சம் கம்மியாத் தெரியுது, காத்தடிக்கறதுனால இருக்கும்.

கோகிலா, சுத்தியல் கொண்டாந்துட்டேன். எந்த மூலை ஆடுது? நீ உக்காரு, நீ எந்திரிக்க வேண்டாம், நான் பாத்துக்கறேன். தாரணிக் கண்ணு, இந்தா, இட்லியப் புடி, சூடு, கீழ புடி. தம்பி, சுத்தியலக் குடுங்க.

இந்த மூலை கெட்டியா இருக்குதே. இதுவும் அசையல. பின்னாடியா இருக்கும். இல்லீங்க, இதுவும் நல்லா எறங்கியிருக்குது. கயிறு விண்ணுன்னு நிக்குது, யாரோ வெவரமாத்தான் கட்டியிருக்கறாங்க. தாரணியா கட்டினா? எல்லா முளைக்குச்சியும் ஒழுங்காத்தான இருக்குது, அப்பறம் எதுக்குங்க சுத்தியல்?

நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க தம்பி? தாரணி, நீ எதுக்குச் சிரிக்கற?

அதென்ன அங்க, தண்ணியப் பாத்து. ரெண்டு சேரு உங்களது. மூணாவது... பச்சைச் சேரு. கோகிலா, அது என்ற சேருதான? வீட்லயே மறந்துட்டு வந்துட்டன்னல்ல நெனச்சேன். டென்ட்டு கூடவே கொண்டாந்துட்டியா?

சேரு மேல பூராவும் பைன் எலை உதுந்து கெடக்குதுங்க. இன்னைக்கு விரிச்சதாட்டத் தெரியல. நேத்தே விரிச்சு வெச்சிருக்கறா. நேத்திருந்து இப்படியே, நடுவுல, தண்ணியப் பாத்து.

இருக்கட்டும் கோகிலா, நான் சுத்தியல் குடுக்கத்தான் வந்தேன்... இல்ல, வண்டி... சரி, சரி, கைய உடு, உக்கார்றேன். சித்த இரு, உக்கார்றதுக்கு முந்தி இதைய ஒருக்கா வெச்சுப் பாத்தர்றேன். கைப்புடி மேல வெச்சாத் தெரிஞ்சுரும். ம். நாஞ் சொன்னனா இல்லியா, ஏரிப் பக்கமாச் சாஞ்சிருக்குதுங்க. குமிழி நடுவுலயே நிக்கல, ஒரு ஓரமாப் போயி ஒட்டிக்கிச்சு.

பரவால்ல உடுங்க. இதுல என்ன இட்லியா ஊத்தப் போறோம்.